லினக்ஸ் கெர்னலில் நெட்வொர்க் எண்ணிகள்: பல செயலிகள் ஒரே கணக்கை எழுதிய வரலாறு

லினக்ஸ் இயங்கும் கணினியில் ஐஎஃப்கான்ஃபிக் என்ற கட்டளையை இட்டால், ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்புக்கும் நேராகச் சில எண்கள் தோன்றும். வந்த பொதிகள் எத்தனை, அனுப்பிய பொதிகள் எத்தனை, அவற்றின் மொத்த பைட்டுகள் எவ்வளவு, பிழையுடன் வந்தவை எத்தனை, இடமில்லாமல் கைவிடப்பட்டவை எத்தனை என்ற கணக்கு அது. பாக்கெட் என்று பரவலாக அழைக்கப்படும் தரவுத் துண்டே இங்கு பொதி எனப்படுகிறது. இந்த எண்களைத் தாங்கும் நினைவக இடங்கள் எண்ணிகள் எனப்படும். நெட்வொர்க் அட்டையை இயக்கும் நிரலான டிரைவர், ஒவ்வொரு பொதியும் கடக்கும்போது உரிய எண்ணியில் ஒன்றைக் கூட்டுகிறது.

வேலை அவ்வளவுதான். ஆயினும் இந்தக் கூட்டலைப் பல செயலிகள் கொண்ட கணினியில் பிழையின்றியும் வேகம் குறையாமலும் செய்யும் முறையை லினக்ஸ் உருவாக்குநர்கள் கால் நூற்றாண்டுக்கு மேலாகத் திருத்தி வந்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம் கேட்கும் இணையச் சேவை நிறுவனங்கள், நெரிசலைக் கண்காணிக்கும் பொறியாளர்கள், தாக்குதல் நடக்கிறதா என்று பார்க்கும் மென்பொருள்கள் எல்லாம் நம்பியிருப்பது இந்த எண்களையே.

கூட்டலில் உள்ள சிக்கல்

நினைவகத்தில் உள்ள ஓர் எண்ணோடு ஒன்றைக் கூட்டுவது உண்மையில் மூன்று செயல்கள்: பழைய மதிப்பைப் படித்தல், கூட்டுதல், புதிய மதிப்பை எழுதுதல். எண்ணி 1000 என்று இருக்கும்போது இரு செயலிகள் ஒரே நேரத்தில் அதைப் படித்தால், இரண்டும் 1001 என்று கணக்கிட்டு இரண்டும் 1001 என்றே எழுதும். கடந்தது 2 பொதிகள். கணக்கில் ஏறியது 1. எக்ஸ்86 வகைச் செயலிகளில் இந்த மூன்று செயல்களையும் ஒரே கட்டளையாக எழுத முடியும் என்றாலும், லாக் என்ற முன்னொட்டு இல்லாவிட்டால் அந்தக் கட்டளையின் நடுவே மற்றொரு செயலி நுழைய வழியுண்டு.

ஒரு கடையில் நான்கு கணக்குப்பிள்ளைகள் ஒரே பேரேட்டில் எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஆள் முறை வைத்துக் காத்திருந்தால் கணக்கு சரியாக இருக்கும், வியாபாரம் நின்றுபோகும். காத்திராமல் எழுதினால் வியாபாரம் ஓடும், கணக்கு தவறும். நான்கு பேருக்கும் தனித்தனிச் சிட்டை கொடுத்து, முதலாளி கேட்கும்போது மட்டும் நான்கையும் கூட்டிச் சொல்வது மூன்றாவது வழி. லினக்ஸ் இந்த மூன்று வழிகளிலும் நடந்திருக்கிறது.

ஒற்றைப் பூட்டின் காலம்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட முதல் லினக்ஸ் ஒரே செயலிக்காக எழுதப்பட்டது. 1996இல் வந்த 2.0 பதிப்பில்தான் பல செயலிகளுக்கான ஆதரவு முறைப்படி சேர்ந்தது. அதில் கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டு இருந்தது. எத்தனை செயலிகள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் கெர்னலுக்குள் இருக்க முடியும். இதனால் டிரைவர் எழுதியவர்கள் எண்ணிகளைப் பற்றி யோசிக்கவே தேவையிருக்கவில்லை. ஒன்றைக் கூட்டு என்று ஒரு வரி எழுதினார்கள். அது சரியாகவே வேலை செய்தது.

1999 ஜனவரியில் வந்த 2.2 பதிப்பில் பூட்டுகள் சிறியவையாகப் பிரிக்கப்பட்டாலும், பொதிகளைக் கையாளும் முக்கியப் பகுதி ஒரு நேரத்தில் ஒரு செயலியில்தான் ஓடியது. இதன் விலை அதே ஆண்டு ஏப்ரலில் வெளிச்சத்துக்கு வந்தது. மைண்ட்கிராஃப்ட் என்ற நிறுவனம், மைக்ரோசாஃப்ட் செலவில், 4 செயலிகளும் 4 நெட்வொர்க் அட்டைகளும் கொண்ட சர்வரில் விண்டோஸ் என்டியையும் லினக்ஸையும் ஒப்பிட்டு, லினக்ஸ் வெகுவாகப் பின்தங்குவதாக அறிக்கை வெளியிட்டது. சோதனை நடத்திய விதம் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. ஆனால் மறுசோதனையிலும் விண்டோஸே முந்தியது; நெட்வொர்க் பகுதி பல செயலிகளைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்ற குறை உண்மையானது.

டேவிட் மில்லர், அலெக்சி குஸ்னெட்சோவ் ஆகியோரின் சாஃப்ட்நெட் மாற்றம் 2.3 வளர்ச்சி வரிசையில் சேர்ந்து, 2001 ஜனவரியில் 2.4 பதிப்பாக மக்களிடம் வந்தது. அதன்பின் பல செயலிகள் ஒரே நேரத்தில் பொதிகளைக் கையாள முடிந்தது.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் உண்டு. 2.4இலும் டிரைவர்களின் பழைய எண்ணிகள் பெரும்பாலும் உடையவில்லை. ஓர் அட்டையின் குறுக்கீட்டைக் கவனிக்கும் நிரல் ஒரே நேரத்தில் இரு செயலிகளில் ஓடாது. ஆகவே வரும் பொதிகளை எண்ணுவது எப்போதும் ஒரு கைதான். அனுப்பும் பக்கத்தில், டிரைவரை அழைக்கும் முன் கெர்னலே ஒரு பூட்டை எடுத்துக்கொள்ளும். அங்கும் ஒரு கைதான். அடுத்து வந்த நேப்பி முறையும் இந்த ஒழுங்கைக் காத்தது. டிரைவர் எழுதுபவர் எந்தப் பாதுகாப்பும் சேர்க்காமலே பாதுகாக்கப்பட்டார். எந்தப் பூட்டு தன் எண்ணியைக் காக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. பின்னாளில் அந்தப் பூட்டுகள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டபோது சிக்கல்கள் எழுந்ததற்கு இதுவே காரணம்.

பூட்டு ஏன் போதவில்லை

எண்ணிக்கு ஒரு பூட்டு போடலாம். அல்லது பிரிக்க முடியாத கூட்டல் கட்டளையைப் பயன்படுத்தலாம். இவற்றில் எதுவும் தவறான விடை தராது. தடை நேரத்தில் இருக்கிறது.

வினாடிக்கு 10 ஜிகாபிட் செல்லும் ஈதர்நெட் இணைப்பில், மிகச் சிறிய பொதிகள் இடைவிடாது வந்தால் அவை வினாடிக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம். ஒரு பொதிக்குக் கிடைப்பது சுமார் 67 நானோ நொடி. அந்த நேரத்துக்குள் பொதியை எடுத்து, முகவரி பார்த்து, வழி தேடி, மேலே அனுப்ப வேண்டும்.

நவீன செயலிகள் நினைவகத்தை நேரடியாகத் தொடுவதில்லை. கேச் என்ற சிறு வேக நினைவகத்தில் ஒரு நகலை வைத்துக்கொள்கின்றன. எக்ஸ்86 கணினிகளில் இந்த நகல் 64 பைட்டுக் கட்டுகளாக வரும். அதற்குக் கேச் வரி என்று பெயர். ஒரு செயலி அந்த வரியில் எழுத வேண்டுமானால் மற்ற எல்லாச் செயலிகளின் நகல்களும் செல்லாதவையாக வேண்டும். எட்டுச் செயலிகள் ஒரே எண்ணியைக் கூட்டினால் அந்த ஒரு வரி எட்டு இடங்களுக்கும் மாறி மாறி அலையும். ஒவ்வோர் அலைச்சலுக்கும் பல பத்து நானோ நொடிகள் ஆகும். தனித்தனிச் சில்லுகளில் உள்ள செயலிகள் என்றால் இன்னும் கூடும். பொதிக்கான நேரம் எண்ணுவதிலேயே தீர்ந்துவிடும். செயலிகளைக் கூட்டக் கூட்ட வேகம் குறையும் என்ற விபரீதமும் நேரும்.

எனவே சிட்டை முறை. ஒவ்வொரு செயலிக்கும் தனி எண்ணி. ஒரு செயலி தன் எண்ணியை மட்டுமே தொடும். மொத்தம் கேட்கப்படும்போது எல்லாவற்றையும் கூட்டிச் சொல்வார்கள். ஐபி, டிசிபி நெறிமுறைகளின் மொத்தக் கணக்குகளுக்கு 2.4 காலத்திலேயே இம்முறை வந்துவிட்டது. அப்போது ஒரு செயலிக்கு இரண்டு எண்ணிகள் இருந்தன. பயனர் நிரலின் சார்பாக ஓடும்போது ஒன்று, பொதி வந்ததால் எழும் மென் குறுக்கீட்டில் ஓடும்போது மற்றொன்று. ஒரே செயலியிலேயே ஒரு கூட்டலின் நடுவே குறுக்கீடு வந்து அதே எண்ணியைக் கூட்டினால் கணக்கு தவறும் என்பதற்கான ஏற்பாடு அது. தனக்குரிய எண்ணியை ஒரே கட்டளையில் கூட்டும் வசதி பின்னர் கெர்னலில் வந்ததும் இந்த இரட்டிப்பு தேவையற்றுப்போனது.

எண்ணுதல் நடப்பது வினாடிக்கு லட்சக்கணக்கான முறை. யாரோ எண்ணைக் கேட்பது சில வினாடிக்கு ஒருமுறை, பல இடங்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. ஆகவே சுமை கேட்பவர் தலையில் விழ வேண்டும், எழுதுபவர் தலையில் விழக் கூடாது. இந்தத் துறையில் வந்த நல்ல மாற்றங்கள் எல்லாம் இந்தத் திசையில் போனவையே என்று சொல்லலாம். கெர்னல் உருவாக்குநர் பால் மெக்கென்னி இணை நிரலாக்கம் பற்றி எழுதி இலவசமாக வெளியிட்ட நூலில், எண்ணுதலுக்கென்றே ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. அதில் முதலில் வரும் உதாரணமும் நெட்வொர்க் பொதிகளை எண்ணுவதுதான்.

சிட்டை முறைக்கும் பொறிகள் உண்டு. கணினி ஓடும்போதே ஒரு செயலியை நிறுத்திவைக்க லினக்ஸ் அனுமதிக்கிறது. மொத்தம் கூட்டும் நிரல், அப்போது ஓடும் செயலிகளின் எண்ணிகளை மட்டும் கூட்டினால், நிறுத்தப்பட்ட செயலியின் பங்கு விடுபட்டு மொத்தம் குறைந்துவிடும். கண்காணிப்பு மென்பொருளோ, எண்ணி குறைந்தால் அது நிரம்பிச் சுழன்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு, நடக்காத கோடிக்கணக்கான பைட்டுகளைக் கணக்கில் ஏற்றும். அதனால்தான் இருக்கக்கூடிய எல்லாச் செயலிகளையும், ஓடாதவற்றையும் சேர்த்தே, கூட்ட வேண்டும் என்பது விதி.

32 பிட்டின் எல்லை

எண்ணி நிரம்புவது தனிக் கதை. 32 பிட் எண்ணியில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 வரைதான் எண்ணலாம், அடுத்தது சுழி. பைட்டுகளை எண்ணினால் இந்த எல்லையைத் தொட, முழு வேகத்தில் ஓடும் 10 மெகாபிட் இணைப்புக்குச் சுமார் 57 நிமிடம் ஆகும். 100 மெகாபிட்டுக்கு 5.7 நிமிடம். ஒரு ஜிகாபிட்டுக்கு 34 வினாடி.

1990களின் நடுவில் டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதிய எம்ஆர்டிஜி போன்ற கண்காணிப்புக் கருவிகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணியைப் படித்தன. இடையில் ஒருமுறை சுழன்றிருந்தால் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். இருமுறை சுழன்றால் வழியில்லை. கணக்குப் போட்டால், சராசரி வேகம் வினாடிக்கு 114 மெகாபிட்டைத் தாண்டியதுமே ஐந்து நிமிட அளவீடு பொய் சொல்லத் தொடங்கும். பரபரப்பான இணைப்பு ஒன்று சும்மா கிடப்பதுபோல் வரைபடத்தில் தெரியும். 2000 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 2863 இதற்கு வரம்பு வகுத்தது: 20 மெகாபிட் வரை எல்லாவற்றுக்கும் 32 பிட் போதும், அதற்கு மேல் பைட்டுகளுக்கு 64 பிட் வேண்டும், 650 மெகாபிட் முதல் பொதிகளுக்கும் 64 பிட் வேண்டும்.

லினக்ஸின் எண்ணிகள் அன்சைன்ட் லாங் என்ற வகையில் இருந்தன. 64 பிட் செயலியில் அது 64 பிட், 32 பிட் செயலியில் 32 பிட். எனவே பெரிய சர்வர்கள் தப்பின. 32 பிட் செயலி கொண்ட ரவுட்டர்களும் பழைய கணினிகளும் மாட்டிக்கொண்டன. 2010இல் இதற்குத் தீர்வு வந்தது. 2.6.35 பதிப்பில் 64 பிட் கணக்கைப் பயனர் நிரல்களுக்குத் தரும் வழி சேர்ந்தது. 2.6.36இல் பென் ஹட்சிங்ஸின் மாற்றத்தால் 32 பிட் கணினிகளின் டிரைவர்களும் 64 பிட் எண்ணிகளைத் தர முடிந்தது.

பாதி பழையது, பாதி புதியது

32 பிட் செயலி 64 பிட் எண்ணை ஒரே வீச்சில் எழுதாது. கீழ்ப்பாதியை ஒரு கட்டளையிலும் மேல்பாதியை இன்னொரு கட்டளையிலும் எழுதும். எண்ணியின் கீழ்ப்பாதி நிரம்பி, மேல்பாதி 0 இலிருந்து 1 ஆகும் கணத்தில் வேறொரு செயலி அதைப் படித்தால், மேலே புதிய 1, கீழே பழைய முழு நிரம்பல் என்று கிடைக்கலாம். 4 ஜிகாபைட் என்று இருக்க வேண்டிய இடத்தில் 8 ஜிகாபைட் தெரியும். மறுபடி படித்தால் சரியாக இருக்கும். ஒருமுறை தோன்றி மறையும் இத்தகைய தவற்றை யார் பிடிக்க முடியும்?

எரிக் டுமாசெட் 2010 ஜூனில் எழுதி 2.6.36இல் சேர்ந்த யூ64 ஸ்டாட்ஸ் சிங்க் என்ற சிறு ஏற்பாடு இதைத் தீர்த்தது. எண்ணியின் பக்கத்தில் ஒரு வரிசை எண் இருக்கும். எழுதுபவர் தொடங்கும்போது அதில் ஒன்றைக் கூட்டுவார், ஒற்றைப்படை ஆகும். முடித்ததும் மீண்டும் ஒன்று, இரட்டைப்படை ஆகும். படிப்பவர் முதலில் வரிசை எண்ணைப் பார்ப்பார். ஒற்றைப்படை என்றால் எழுத்து நடக்கிறது, காத்திருப்பார். இரட்டைப்படை என்றால் எண்ணியைப் படித்துவிட்டு வரிசை எண்ணை மறுபடி பார்ப்பார். மாறியிருந்தால் படித்ததை எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். எழுதுபவர் யாருக்காகவும் நிற்பதில்லை. 64 பிட் கணினியில் இந்த ஏற்பாடு எந்தக் கட்டளையையும் உருவாக்காமல் காணாமல்போகும்; அங்கே அது தேவையே இல்லை.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை: ஒரு வரிசை எண்ணுக்கு ஒரு நேரத்தில் ஓர் எழுத்தர்தான் இருக்க வேண்டும். அதை டிரைவர்தான் உறுதிசெய்ய வேண்டும். இரு செயலிகள் சேர்ந்து தொடங்கினால் இரண்டும் வரிசை எண்ணை 0 என்று படித்து 1 என்று எழுதும். முடிக்கும்போது ஒன்று 2 ஆக்கும், மற்றது 3 ஆக்கும். எழுத்து ஓய்ந்தபின்னும் வரிசை எண் ஒற்றைப்படையாகவே நிற்கும். அடுத்து யாராவது கணக்குக் கேட்டால், எழுதி முடிக்கட்டும் என்று அந்தச் செயலி சுற்றிக்கொண்டே இருக்கும். எழுத யாருமில்லை. பழைய முறையில் இதே தவறு ஓரிரு பொதிகளின் கணக்கைக் கெடுத்திருக்கும். புதிய முறையில் கணினியையே உறைய வைக்கிறது. கொடுமை என்னவென்றால், டிரைவரை எழுதுபவர் தன் மேசையில் 64 பிட் கணினியில் சோதித்தால் ஒன்றுமே தெரியாது. எங்கோ ஒரு 32 பிட் ரவுட்டரில், எப்போதோ ஒருநாள், புள்ளிவிவரம் கேட்டதற்காகக் கருவி நின்றுபோகும். இவ்வகைத் தவறுகளைத் திருத்தும் மாற்றங்கள் பல டிரைவர்களில் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து வந்திருக்கின்றன.

இந்தக் காலத்தில் முன்பு சொன்ன மறைமுகப் பாதுகாப்பும் கலைந்துகொண்டிருந்தது. 2008இல் வந்த 2.6.27 பதிப்பில், ஒரே அட்டையில் பல அனுப்பும் வரிசைகள் இருக்கவும், வரிசைக்கு ஒரு பூட்டு இருக்கவும் டேவிட் மில்லர் வழிசெய்தார். அட்டைக்கு ஒரே எண்ணி, வரிசைகளோ பல என்றானதும் எழுதும் கைகள் பலவாகின. டன்னல் போன்ற மென்பொருள் இணைப்புகளோ பூட்டே இல்லாமல் ஓடுபவை. வரிசைக்கு ஓர் எண்ணி, அல்லது செயலிக்கு ஓர் எண்ணி என்று டிரைவர்கள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன.

கைவிட்ட பொதிகளின் கணக்கு

எல்லா எண்ணிக்கும் சிட்டை முறை வேண்டுமா? அதற்கு நினைவகச் செலவு உண்டு. 8 பைட்டு எண்ணிகள் நான்கு என்றால் 32 பைட்டு; 256 செயலிகளுக்கு 8,192 பைட்டு. கண்டெய்னர்களுக்காக 10,000 மெய்நிகர் இணைப்புகள் உள்ள சர்வரில் இது 8 கோடி பைட்டுகளைத் தாண்டும். எனவே அரிதாக நடக்கும் பிழை, கைவிடல் போன்றவற்றுக்குப் பொதுவான ஒரே எண்ணியும் பிரிக்க முடியாத கூட்டலும் போதும் என்பது நியாயமான வாதம். 2010இல் கெர்னலின் மையப் பகுதி கைவிடும் பொதிகளுக்கான எண்ணி அப்படித்தான் அமைந்தது.

கைவிடுதல் அமைதியான நாளில் அரிது. வெள்ளமாகப் பொதிகளை அனுப்பித் தாக்கும்போது கெர்னலின் முக்கிய வேலையே கைவிடுவதுதான். அப்போது எல்லாச் செயலிகளும் அந்த ஒரே கேச் வரிக்காக மோதின. எதிரியின் பொதியை எறிவதைவிட, எறிந்ததை எழுதிவைப்பது பெரிய செலவாயிற்று. 2022இல் வந்த 5.18 பதிப்பில் டுமாசெட் இவற்றையும் செயலிவாரியாகப் பிரித்தார். ஒரு சிக்கனமும் செய்தார்: அந்த இணைப்பில் முதல் பொதி கைவிடப்படும்வரை இதற்கான நினைவகம் ஒதுக்கப்படாது.

கருவிகள் காட்டிய ஓட்டைகள்

சிறு தவறு இருந்தால் என்ன, புள்ளிவிவரம்தானே என்ற மனநிலை டிரைவர் உலகில் நெடுங்காலம் இருந்தது. அதில் ஓரளவு நியாயமும் இருந்தது. கூகுள் பொறியாளர்கள் 2019இல் அறிவித்து, 2020இல் 5.8 பதிப்பில் சேர்ந்த கேசிசான் என்ற கருவி அந்த மனநிலைக்கு இடம் தரவில்லை. இரு செயலிகள் காப்பின்றி ஒரே இடத்தைத் தொட்டால் அது உடனே அறிக்கை எழுதும். புள்ளிவிவர எண்ணிகளைப் பற்றிய அறிக்கைகள் குவிந்தன. அவற்றை அப்படியே விட்டால் உண்மையான ஆபத்துகள் இந்தக் குவியலில் மறைந்துபோகும்.

64 பிட் கணினியில் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. செயலி 64 பிட்டை ஒரே வீச்சில் எழுதும். ஆனால் அதை இரண்டாக உடைத்து எழுதக் கூடாது என்று மொழிமாற்றியான கம்பைலருக்கு யாரும் சொல்லவில்லை. 2019 இறுதியில் இதற்கென்று யூ64 ஸ்டாட்ஸ் டி என்ற தனி எண் வகை சேர்க்கப்பட்டது. 2022 நவம்பரில், பழைய பொது எண்ணிகளை இன்னும் பயன்படுத்தும் டிரைவர்களுக்காக, அவற்றைப் பிரிக்க முடியாதபடி கூட்டும் டெவ் ஸ்டாட்ஸ் இன்க் என்ற சுருக்க நிரல் வந்தது. பெரிய மாற்றம் எதுவுமின்றி ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

2023 நவம்பரில் இன்னொரு மாற்றம் ஏற்கப்பட்டது. அதுவரை செயலிவாரி எண்ணிகளுக்கு நினைவகம் ஒதுக்குவதும், இணைப்பு நீங்கும்போது விடுவிப்பதும் ஒவ்வொரு டிரைவரின் பொறுப்பாக இருந்தன. ஏறக்குறைய ஒரே வரிகள் டிரைவர் தோறும் திரும்ப எழுதப்பட்டிருந்தன. இப்போது எந்த வகை எண்ணிகள் வேண்டும் என்று மட்டும் டிரைவர் சொன்னால் போதும். ஒதுக்குவதையும் விடுவிப்பதையும் கெர்னலின் மையப் பகுதியே பார்த்துக்கொள்கிறது. அடுத்த ஆண்டு பல டிரைவர்கள் இந்த முறைக்கு மாற்றப்பட்டு, அவற்றிலிருந்த பழைய வரிகள் நீக்கப்பட்டன.